குந்தில் இருந்து படம் பார்த்தவள்

1990 ஆனியில் யாழ்ப்பாணத்தில் போன கரண்ட் பிறகு பல வருடங்களுக்கு வரவேயில்லை. அந்தக் காலத்தில் படம் பார்ப்பதென்றால் ஒரு கலியாண வீட்டுக்கு அடுக்குப் பண்ணுவது மாதிரி. ஜெனரேட்டர், ரீவி, டெக், கசற் எல்லாவற்றையும் வாடகைக்கு எடுக்க வேண்டும். ஒழுங்கையில் நாலைந்து வீடுகள் சேர்ந்து காசு போடும். எரிபொருளுக்குத் தடை என்பதால் மண்ணெண்ணெய்க்கு அலைய வேண்டும். இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு எஞ்சினை இயக்கி, சூடு பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். சினிமா என்றதும் எனக்கு இன்றைக்கும் முதலில் வருவது அந்தப் புகை மணம்தான்.

அம்மம்மா வீடு மானிப்பாய்ப் பக்கம். பழைய நாற்சார் வீடு. நடுமுற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் விறாந்தை. தலைவாசல் பக்கத்து விறாந்தையில் மேசை போட்டு ரீவியை ஏற்றுவார்கள். ஆண்களுக்குக் கதிரை. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் முற்றத்தில் பாய். அடுப்படிப் பக்கத்துக் குந்தில், அதாவது விறாந்தை ஓரத்துத் திண்டில், தூணோடு சாய்ந்தபடி அவள் இருப்பாள். கசற் மாற்றும் நேரத்தில் எல்லாருக்கும் தேத்தண்ணி போட வேண்டும் என்பதால் அந்த இடம் அவளுக்கு வசதி என்று அம்மம்மா சொல்லுவா.

அவள் மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து 1989 கடைசியில் வந்தவள். என்னைவிட ஒரு வயது மூப்பு, பதினொரு வயது. அங்கே கடை வைத்திருந்த எங்கள் ஊர்க்காரர் ஒருவர் கூட்டிக்கொண்டு வந்து விட்டார். "வீட்டு உதவிக்கு ஒரு பிள்ளை" என்பதுதான் பேச்சு. யாழ்ப்பாணத்தில் அப்போது எத்தனையோ வீடுகளில் இப்படி மலையகப் பிள்ளைகள் இருந்தார்கள். அவளுடைய பெயரும் என்னுடைய சித்தியின் பெயரும் ஒன்று. ஒரே வீட்டில் ஒரே பெயரில் இரண்டு பேரைக் கூப்பிட்டால் குழப்பம் என்று வந்த அன்றைக்கே அவளுக்கு வேறு பெயர் வைத்துவிட்டார்கள். அடுத்த ஆனியில் சண்டை தொடங்கியது, யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே போகும் ஆனையிறவுப் பாதை பூட்டுப்பட்டது, அவளால் திரும்பிப் போக முடியவில்லை.

1992இல் ஒரு சனிக்கிழமை இரவு போட்ட படம் 'நெஞ்சம் மறப்பதில்லை'. ஸ்ரீதர் 1963இல் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். ஜமீன்தாரின் மகன் ஓர் ஏழைப் பெண்ணைக் காதலிப்பான். தகப்பனாக வரும் நம்பியாருக்கு அது பொறுக்காது, துப்பாக்கியைத் தூக்குவார். பிறகு மறுபிறவி, இடிந்த மாளிகை, பாட்டு. எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லாரும் அந்தப் பாட்டுக்காகத்தான் காத்திருந்தார்கள். எனக்கு நினைவில் நிற்பது கடைசிப் பகுதி. காதலித்த இரண்டு பேரும் செத்துப் பிறந்து வளர்ந்தும் விட்டார்கள். அந்த ஜமீன்தார் மட்டும் சாகவேயில்லை. நூறு வயது தாண்டி, தாடியும் தடியுமாக, அதே குரோதத்தோடு இன்னும் நடமாடுகிறார். நாங்கள் பாய்க்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டோம்.

குந்திலிருந்து ஒரு குரல் கேட்டது. "அவரு ஏன் இன்னும் சாகல?"

அவளுடைய தோட்டத்துத் தமிழைக் கேட்டுப் பெரிய அண்ணன்மார் சிரித்தார்கள். அவள் "சாகல" என்றதைத்தான் எல்லாரும் கேட்டார்கள். கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை.

முப்பது வருடத்துக்கு மேலாகப் பேய்ப் படம் பார்த்து வருகிறேன். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் ஒருத்திக்கு இது ஏன் இவ்வளவு பைத்தியம் என்று வீட்டில் கேட்பார்கள். குந்திலிருந்து அவள் கேட்ட அந்தக் கேள்விதான் காரணம். அந்தப் படத்தில் பயங்கரம் இறந்துபோன ஏழைப் பெண்ணில் இல்லை. அவள் பிறந்து வந்து பாட்டுத்தான் பாடுகிறாள். பயங்கரம் சாகாமல் கிடக்கும் அந்த அந்தஸ்தில் இருக்கிறது. ஒரு பிறவி முடிந்த பிறகும் துப்பாக்கியோடு காத்திருக்கிறதே, அதில்.

எங்கள் வீட்டிலும் ஒரு பேய் இருந்தது. கிணத்தடிப் பேய். பொழுதுபட்ட பிறகு பிள்ளைகள் கிணத்தடிக்குப் போகக் கூடாது, போனால் உள்ளேயிருந்து ஒரு பெட்டை கூப்பிடுவாள் என்று வெருட்டுவார்கள். அம்மம்மாவின் அம்மா காலத்தில் வீட்டில் வேலைக்கு நின்ற ஒருத்தி கிணற்றில் விழுந்து செத்தாளாம். விழுந்தாளா, குதித்தாளா என்பது சொல்லுகிற ஆளைப் பொறுத்து மாறும். வளர்ந்த பிறகு ஒருநாள் அம்மம்மாவிடம் கேட்டேன்: "அம்மம்மா, அந்தப் பெட்டையின்ர பேர் என்ன?" அம்மம்மா கொஞ்ச நேரம் யோசித்தா. "பேர் ஆருக்குத் தெரியும் பிள்ளை, அது அந்தக் காலம்." அதே அம்மம்மா காணி உறுதியில் உள்ள பெயர்களை, பூட்டனுக்குப் பூட்டன் வரை, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவா.

பேய்ப் படத்தில் பெரிய வீட்டுக்குள் வரும் பேய் யார் என்று எண்ணிப் பாருங்கள். முக்கால்வாசி நேரம் அந்த வீட்டில் வேலை செய்தவள், கூட்டிக்கொண்டு வந்து வைத்திருந்தவள், காணியைப் பறிகொடுத்தவள். உயிரோடு இருந்தபோது விறாந்தை தாண்டி உள்ளே வர முடியாதவள், செத்த பிறகுதான் சாமி அறை வரைக்கும் வந்து கேள்வி கேட்கிறாள். அந்தக் கேள்வியைப் படம் காது கொடுத்துக் கேட்கிறதா, இல்லை மந்திரவாதியைக் கூப்பிட்டு வாயைக் கட்டுகிறதா? ஒரு பேய்ப் படம் நல்லதா இல்லையா என்று நான் பார்ப்பது இதை வைத்துத்தான். பயமுறுத்தும் திறமையெல்லாம் பிறகுதான்.

'சந்திரமுகி' 2005இல் வந்தபோது பார்த்தேன். எல்லாரும் ரசித்தார்கள், நானும் ரசித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்து படுத்த பிறகு மனதுக்கு ஒத்துவரவில்லை. வேட்டையன் என்கிற அரசன் ஒரு நாட்டியக்காரியைப் பிடித்துக்கொண்டு வந்து அடைத்து வைக்கிறான். அவளுடைய காதலனின் தலையை வெட்டி, அவளை உயிரோடு எரிக்கிறான். அவளுக்கு நீதி கிடைக்கும் இடம் எது? வேட்டையனைப் போல ஒரு பொம்மையைக் காட்டுகிறார்கள். அவள் அதை எரிக்கிறாள். திருப்தி அடைந்து போய்விடுகிறாள். அவள் எரிந்தது நிஜம், அவளுக்குக் கொடுத்த பழி மட்டும் பொம்மைக்கு. படம் முடியும்போது அரண்மனை அதே கனவான்களின் கையில் இருக்கிறது. இத்தனைக்கும் அவளுடைய கோபத்தை வீட்டு மருமகளுக்கு வந்த மன நோயாக்கி, அதற்கு வைத்தியமும் முடிந்துவிட்டது.

அதே இடத்தில் லாரன்ஸின் 'காஞ்சனா'வை (2011) நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். முதல் பாதியில் சத்தம் கூடத்தான். ஆனால் சரத்குமார் வந்த பிறகு அந்தப் படம் ஒரு காணிப் பிரச்சினையாக மாறுகிறது. வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட ஒரு திருநங்கை ஏழைகளுக்கு ஆஸ்பத்திரி கட்ட வாங்கிய காணியை ஓர் அரசியல்வாதி பறிக்கிறான். இங்கே பொம்மை இல்லை. செய்தவன்தான் பதில் சொல்லுகிறான்.

பதுங்குகுழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வளவில் மாமரத்துக்குக் கீழே ஒரு பங்கர் இருந்தது. ப வடிவம் இல்லை, ட வடிவம். மேலே பனங்குற்றி அடுக்கி, அதற்கு மேல் மண்மூட்டை. அந்த மூட்டைகள் பழைய சேலையில் தைத்தவை. அம்மம்மாவின் ஒரு கூறைச் சேலையும் அதில் போனது. பொம்மர் விமானச் சத்தம் கேட்டால் அம்மம்மா முதல், பிறகு நாங்கள், பிறகு மாமி, சித்தி. கடைசியாக, படிக்கட்டு இறங்கி முடியும் இடத்தில் அவள். அந்த இடம் வாசலுக்கு நேரே. குண்டுத் துண்டு பறந்தால் முதலில் படும் இடம். ஒருவரும் அவளை அங்கே இருக்கச் சொன்னதில்லை. யாருக்கும் சொல்ல வேண்டி வரவில்லை. அவளே எல்லாரும் உள்ளே போன பிறகுதான் இறங்குவாள். 1993இல் ஒருநாள் குண்டு மிகக் கிட்ட விழுந்து, மண் கொட்டி, எங்கள் எல்லாருக்கும் காது அடைத்துப் போனது. சத்தம் அடங்கிப் பார்த்தால் அவளுடைய தலைமயிர், கண் இமை எல்லாம் செம்மண். சிரித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். எனக்கு அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை. எழுந்து இடம் மாறி இருக்க வேண்டும் என்ற யோசனை எனக்கு வந்தது இருபத்தைந்து வயதுக்குப் பிறகு, கொழும்பில், ஒரு வாடகை அறையில், ஜோர்ஜ் ரொமேரோவின் 'நைட் ஒவ் த லிவிங் டெட்' படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது.

1968இல் வந்த படம் அது. சவங்கள் எழும்பி வருகின்றன. ஒரு பண்ணை வீட்டுக்குள் சில பேர் அடைபடுகிறார்கள். வெளியே இருக்கும் சவங்களைவிட உள்ளே நடக்கும் சண்டைதான் படம். நிலவறைக்குள் போவதா, மேலே நின்று பலகை அடிப்பதா, இங்கே யார் சொல்வது சட்டம்? பொறுப்பெடுத்து நிற்கும் பென் ஒரு கறுப்பின இளைஞன். அந்தப் பாத்திரத்துக்கு டுவேன் ஜோன்ஸ் நன்றாக நடித்துக் காட்டியதால் எடுத்தோம் என்று ரொமேரோ பிறகு சொன்னார். திரைக்கதையில் நிறத்தைப் பற்றி ஒரு வரி பேச்சு இல்லை. ஆனால் பார்க்கிறவனுக்கு எல்லாம் தெரிகிறது. இரவு முழுவதும் தப்பிப் பிழைத்தவனை, விடிந்த பிறகு காப்பாற்ற வந்த துப்பாக்கிக்காரர்கள் சவம் என்று நினைத்துச் சுடுகிறார்கள். கொளுக்கி போட்டு இழுத்து நெருப்பில் போடுகிறார்கள். அவ்வளவுதான், படம் முடிகிறது.

அதே 1968இல்தான் இங்கே மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில், உள்ளே விடு என்று கேட்டு ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் போராடினார்கள். பொது இடத்தில் மறிப்பது குற்றம் என்று 1957இல் சட்டம் வந்து பதினொரு வருடம் கழித்து. தேத்தண்ணிக் கடைகளில் அவர்களுக்குப் போத்தலில் ஊற்றிக் கொடுத்த காலம். அங்கே பண்ணை வீட்டுக் கதவு, இங்கே கோயில் கதவு. யார் உள்ளே, யார் வாசலில் என்ற கேள்வியைக் கேட்க அந்தப் படத்துக்குப் பேய் தேவைப்பட்டது. எங்களுக்குப் பேய்கூடத் தேவைப்படவில்லை.

பொங் ஜூன்-ஹோவின் 'பாரசைட்' (2019) பேய்ப் படமா என்று சண்டை பிடிப்பவர்கள் உண்டு. எனக்குப் பேய்ப் படம்தான். நிலவறையிலிருந்து படியேறி வரும் ஒரு முகத்தைக் கண்டு பணக்காரப் பிள்ளை வலிப்பு வந்து விழுகிறான். அவன் கண்டது பேய் என்றே வீட்டில் நம்புகிறார்கள். படியேறி வந்தது பசித்த ஒரு மனிதன். அந்தப் படத்தில் கொலை நடக்கும் காரணத்தைப் பாருங்கள்: மணம். வேலைக்காரர்களிடம் ஒரு மணம் இருக்கிறது என்று முதலாளி திரும்பத் திரும்பச் சொல்லுகிறான். கடைசியில் அவன் மூக்கைப் பொத்தும் அந்த ஒரு கணம்தான் சாரதியின் கையைக் கத்தியோடு எழுப்புகிறது.

எங்கள் வீட்டில் அவளுக்குத் தனிச் சவர்க்காரம், குடிக்கத் தனிப் பேணி. பேணி அடுப்படிச் சுவரில் ஓர் ஆணியில் தொங்கும், ரின்பால் ரின்னை வெட்டிக் கைபிடி வைத்து ஒட்டியது. சவர்க்காரம் பாதி வெட்டிக் கொடுப்பார்கள், எங்கள் சவர்க்காரம் இல்லை, வேறு. பிறகு தடை இறுகி, கடைகளில் சவர்க்காரமே இல்லாமல் போனது. ஊர் முழுக்கப் பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தது. கொடியில் காயப் போட்ட சட்டையை மாடு வந்து சப்பும். அந்த நாட்களில் அம்மம்மாவில், மாமாவில், பள்ளிக்கூடத்து அதிபரில், அவளில், என்னில், எல்லாரிலும் ஒரே பனம்பழ மணம். படலைக்கு வெளியே நின்ற பஞ்சம் அதை எங்களுக்குச் செய்து தந்தது. ஆனால் பேணி ஆணியில்தான் தொங்கியது.

ஜோர்டான் பீலின் 'கெட் அவுட்' (2017) படத்தில் ஒரு காட்சி இருக்கிறது. அதை நான் எத்தனை முறை பார்த்தேனோ. வெள்ளைக்காரக் காதலியின் பெற்றோர் வீட்டுக்குப் போன கறுப்பின இளைஞனிடம், அந்த வீட்டில் வேலை செய்யும் கறுப்பினப் பெண் வந்து பேசுகிறாள். இவ்வளவு வெள்ளைக்காரர் நடுவில் எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது என்று அவன் சொன்னதும் அவள் முகம் ஒரு கணம் நடுங்குகிறது. கண்ணீர் வழிகிறது. வாய் மட்டும் சிரித்தபடி "இல்லை, இல்லை, இல்லை" என்கிறது. அவளுடைய உடம்புக்குள் அந்த வீட்டுக் கிழவி குடியிருக்கிறாள் என்று பிறகு தெரியவரும். அவளோ உள்ளே எங்கேயோ அடியில் அமிழ்ந்து கிடக்கிறாள். அந்த வீட்டுக்காரர்கள் தொடக்கத்தில் கெட்ட வார்த்தை பேசவில்லை, கை ஓங்கவில்லை. ஒபாமாவுக்கு இன்னொரு தடவை வாக்குப் போட்டிருப்பேன் என்று பெருமையாகச் சொல்லும் மனிதர்கள். எங்கள் வீடும் அப்படித்தான். அம்மம்மா அவளை அடித்ததே இல்லை. தீபாவளிக்குச் சட்டைத்துணி எடுத்துக் கொடுப்பா. "எங்கட பிள்ளை மாதிரி" என்று வருகிறவர்களுக்கு எல்லாம் சொல்லுவா. வேறொரு பெயரைக் கூப்பிட்டால் அவள் சிரித்துக்கொண்டு "வாறேங்கம்மா" என்று ஓடி வருவாள். அந்தச் சிரிப்பை எனக்கு இந்தப் படம்தான் திருப்பிக் காட்டியது.

1995 ஐப்பசி கடைசியில் எங்கள் பகுதியான வலிகாமம் முழுக்க இரவோடு இரவாக இடம்பெயர்ந்து வெளிக்கிட்டபோது அவளும் எங்களோடு சாவகச்சேரிக்கு நடந்தாள். தலையில் அரிசிப் பை, கையில் அம்மம்மாவின் மருந்துப் பெட்டி. அடுத்த வருடம் திரும்பி வந்தோம். 1997இல், காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலைக்குப் போன கப்பலில், தெரிந்த ஒரு குடும்பத்தோடு அவளை அனுப்பினார்கள். பதினெட்டு, பத்தொன்பது வயது. அம்மப்பா கொப்பியில் எழுதி வைத்திருந்த சம்பளத்தைக் கூட்டிக் கையில் கொடுத்தார். நான் அன்றைக்குப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். படலை வரை வந்து கையைக் காட்டினேன். விலாசம் கேட்கவில்லை.

இப்போது அந்த வீட்டை விற்கப் பேச்சு நடக்கிறது. உரித்துக்காரர்கள் கனடாவிலும் லண்டனிலும். பழைய நாற்சார் வீடுகளைத் திருத்தி வெளிநாட்டவருக்கு வாடகைக்கு விடுவது இங்கே ஒரு தொழிலாக வந்துவிட்டது. போன மாதம் தரகரோடு நானும் போனேன். வட்ஸ்அப்பில் மச்சாள் ஒருத்தி எழுதியிருந்தா: "கிணத்துக் கதையை அவையளுக்குச் சொல்லிப்போடாதையும், விலை குறையும்." தரகர் தூண்களைத் தட்டிப் பார்த்தார், ஓட்டைப் பார்த்தார், குந்தில் இருந்து படம் எடுத்தால் நல்லாய் வரும் என்றார்.

அந்தக் கிழமைதான் மகளோடு இருந்து 'பிரமயுகம்' பார்த்தேன். 2024இல் வந்த மலையாளப் படம், இதுவும் கறுப்பு வெள்ளை. மகளுக்குப் பதினைந்து வயது, மம்முட்டி என்றால் உயிர். பாணர் குலத்துப் பாடகன் தேவன் காட்டில் வழி தவறி ஓர் இடிந்த மனைக்கு வருகிறான். வீட்டுத் தலைவர் போற்றி அவனை வரவேற்கிறார், பாடச் சொல்லுகிறார், சாப்பாடு போடுகிறார். ஒடுக்கப்பட்டவனுக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்ததே என்று அவன் நெகிழ்ந்துபோகிறான். பிறகு தாயம் ஆடக் கூப்பிடுகிறார். தோற்றால் பணயம் பணம் அல்ல, அவனுடைய காலம். அந்த மரியாதைதான் பொறி. படத்தில் நான் ஆகப் பயந்த இடம் குட்டிச்சாத்தானும் இல்லை, இருட்டும் இல்லை. போற்றி சாப்பிடும் சத்தம். அவர் எலும்பைக் கடிக்கும்போது, அடுப்படியில் ஒருவன் தன்னுடைய முறைக்காகக் காத்து நிற்கிறான்.

பாதியில் மகள் நிறுத்தினாள். "அம்மா, அவன் ஏன் ஓடிப் போகேல்ல? கதவு திறந்துதானே கிடக்கு?"

"பாதை பூட்டு" என்றேன்.

"எந்தப் பாதை?"

சரி, சொல்லலாம் என்று தோன்றியது. ரீவியை அணைத்துவிட்டு அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். பொகவந்தலாவையில் தொடங்கினேன், ஆனையிறவு, குந்து, பங்கர் வாசல் எல்லாவற்றையும் சொன்னேன். நாங்கள் கூப்பிட்ட பெயரைச் சொல்லாமல், அவளுடைய பெயரைச் சொன்னேன்.

மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அது சின்னம்மம்மாவின்ர பேரெல்லோ?" என்றாள்.